ஸ்டோரை மூடின நாள்

பலாபத்வலையில் ரோட்டை விட்டுக் கிளைத்து மலையேறும் வண்டிப்பாதையின் முடிவில் நின்ற கட்டடத்துக்கு ஆஸ்பத்திரி என்று பலகை மாட்டியிருந்தது. தோட்டத்துச் சனங்கள் ஒருநாளும் அதை அப்படிச் சொன்னதில்லை. அவர்களுக்கு அது ஸ்டோர். கோப்பி விளைந்த காலத்தில் ஒரு தொரை கட்டிய கோப்பி ஸ்டோர். கீழே கருங்கல், நடுவில் பலகை, மேலே தகரம். கோப்பிச் செடியில் நோய் விழுந்து தொரை போண்டியாகிக் கப்பலேறிய பிறகு, அதில் வௌவால்கள் வாடகையில்லாமல் குடியிருந்தன. அப்புறம் மலையெல்லாம் தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆட்கள் வந்தார்கள். அத்தனை ஆட்கள் வந்தால் நாலு பேருக்குப் புத்தி பேதலிக்கத்தான் செய்யும். வேலையும் அப்படி, குளிரும் அப்படி, பிள்ளைச் சாவும் அப்படி. அவர்களை ரயிலேற்றிக் கொழும்புக்கு அனுப்பும் செலவுக்கு மூக்கால் அழுத தொரைமார் கூடிப் பேசி, சும்மா கிடந்த ஸ்டோருக்குச் சுண்ணாம்பு அடித்து, ஜன்னலுக்குக் கம்பி வைத்து, பலகையை மாட்டினார்கள். மூட்டை அடுக்கிய தளத்தில் மனிதர்களை அடுக்கியாயிற்று.

உள்ளே போன யாரும் திரும்பி வந்ததாகத் தோட்டங்களில் பேச்சே கிடையாது. லயத்து வரிசை வீடுகளில் புருஷன் பெண்சாதி சண்டையில்கூட வாயில் முதலில் வருகிற திட்டு, "நீ ஸ்டோருக்குத்தான் போவ" என்பதுதான்.

நல்லம்மாவின் புருஷன் அழகர்சாமி நிஜமாகவே போனார். ஸ்டோரை மூடுவதற்கு எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய ஒரே ஆண்பிள்ளை வயிற்றோட்டத்தில் செத்துப்போனான். அதற்குப் பிறகு அவர் காதில் தப்பு மேளச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. விடிகாலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் கூப்பிட அடிக்கிறார்களே, அதே தப்பு. சாப்பிட உட்கார்ந்தால் கேட்கும், பாதிச் சோற்றில் எழுந்து ஓடுவார். கோயிலில் கும்பிட்டு நிற்கும்போது கேட்கும், ஓடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேயிலைச் செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு போனவர், கொழுந்து பொங்கி நின்ற மலையில் பாதியைக் கட்டையோடு வெட்டித் தள்ளிவிட்டார். வெட்டு ஒவ்வொன்றும் சுத்தமான வெட்டு என்று கணக்கப்பிள்ளையே சொன்னார். அது யாருக்கு வேண்டும்? சாயங்காலமே தொரை மாட்டுவண்டி பிடித்து அவரை ஸ்டோருக்கு அனுப்பினார். நல்லம்மா பின்னாலேயே போனாள். கேட்டைத் திறக்கவில்லை. அப்புறமும் ஒருதடவை போனாள், அப்போதும் திறக்கவில்லை.

அவளுக்கு மிச்சமிருந்தது ஒரு மகள், பாலாமணி. கண்ணுக்கு லட்சணமான பெண். பக்கத்துத் தோட்டத்துப் பெரிய கங்காணி வீட்டில் தன் மகனுக்குக் கேட்டார்கள். அப்பன் எங்கே என்றும் கேட்டார்கள். பைத்தியக்காரன் மகளை எடுத்தால் பிறக்கிற பிள்ளைக்கும் அது வரும் என்று பயப்படாத குடும்பம் எந்த லயத்திலும் இல்லை. பெரிய கங்காணி வீடு மட்டும் விதிவிலக்கா?

அது காய்ச்சல் வருஷம். மாத்தளைப் பக்கமெல்லாம் மலேரியா வாரிக்கொண்டு போனது. ஸ்டோரிலும் கொத்துக் கொத்தாய்ச் செத்தார்கள், ஒரே குழியில் போட்டு மூடினார்கள் என்று பேச்சு. அழகர்சாமியின் அண்ணன், நல்லம்மாவுக்கு மூத்தார், ஒருநாள் வாசலில் குந்திக்கொண்டு குரலை இறக்கிப் பேசினார்.

"நாம என்ன கொல்லவா போறோம்? அங்க போனவன் திரும்பி வரவா போறான்? காய்ச்சல்ல போயிட்டான்னு சொல்லிருவோம் நல்லம்மா. செத்தவனோட கிறுக்கை எவனும் கிளற மாட்டான். பிள்ளைக்கு ஒரு வழி பொறக்கும்."

உடம்பு கிடைக்காத சாவுக்கு வைக்கோலில் ஆள் செய்து எரிப்பது வழக்கம். கடலில் போனவனுக்குச் செய்வார்கள், காட்டில் தொலைந்தவனுக்குச் செய்வார்கள். பக்கத்து மலையில் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறவனுக்குச் செய்தது அந்தத் தோட்டத்தில் அதுதான் முதல் தடவை. பொம்மைக்கு அழகர்சாமியின் வேட்டியையே கட்டி ஆற்றோரத்தில் வைத்துக் கொளுத்தினார்கள். பொய்க்கு அழ உட்கார்ந்த நல்லம்மா கொஞ்ச நேரத்தில் நெஞ்சு வெடிக்க அழுதாள். கூடச் சேர்ந்து அழுத பெண்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. கருமாதியன்று தாலியைக் கழற்றிப் பால் செம்பில் போட்டார்கள். உயிரோடு இருப்பவனுக்குக் கருமாதி செய்தது வெளியில் தெரிந்தால் போலீசு பிடித்து உள்ளே போடும் என்று மூத்தார் அவளிடம் மட்டும் சொல்லிவைத்தார். அவர் வாய்க்குப் பூட்டுப் போடச் சொன்னதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

பாலாமணிக்குக் கலியாணம் நல்லபடியாக நடந்தது. ஒரு பேரனும் பிறந்தான். நல்லம்மா வெள்ளைச் சேலையில் கொழுந்து பறித்தாள், தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டாள். நடந்தது தப்பா சரியா என்று அவள் யாரிடம் கேட்பாள்? கேட்க வேண்டிய ஆளைத்தான் எரித்தாயிற்றே.

சீமையில் பெரிய சண்டை தொடங்கிய மறுவருஷம், கலந்தர் நானா கருவாட்டுக் கூடையை அவள் வாசலில் இறக்கிவைத்தார். லயம் லயமாகத் துணியும் கருவாடும் விற்கிறவர். ஸ்டோர்க் குசினிக்கு அரிசி கொடுப்பவரும் அவர்தான். அழகர்சாமி சாகவில்லை என்பது முதலிலிருந்தே அவருக்குத் தெரியும். தெரிந்தும் இத்தனை வருஷம் வாயைத் திறக்காத மனுஷன், அன்றைக்கு அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் திறந்தார்.

"பதறாமக் கேளுங்க நல்லம்மா. ஒங்கட மாப்புள அழகர்சாமி சொகமாயிட்டாரு. நல்லாக் கதைக்கிறாரு, தோட்டத்துல மம்பட்டி புடிக்கிறாரு. என்னைக் கண்டா ஒங்களப் பத்தித்தான் கேக்குறாரு."

நல்லம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

"அதுமட்டுமில்ல. ஸ்டோரை மூடப் போறாங்க. சண்டைக் காலத்துல இதுக்கெல்லாம் சல்லி இல்லையாம். தகரத்தையும் கழட்டப் போறாங்க. சொகமானவங்கள சொந்தக்காரர் வந்தா வுடுவாங்க. வராட்டி வியாழக்கெழமை லொறியில ஏத்தி கொழும்புப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு. அங்க போனா அதோட முடிஞ்சுது."

"நான் எப்பிடிங்க நானா போவேன்? இந்தக் கோலத்துல போயி எம் புருசன்னு கேட்டா, கருமாதி செஞ்சது தெரிஞ்சிருமே. போலீசுல புடிச்சா பாலாமணியைத் தள்ளி வச்சிருவாங்களே."

கலந்தர் நானா தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு சொன்னார், லக்கலைப் பக்கம் தனக்கு ஒரு துண்டு ஏலக்காய்க் காணி இருக்கிறது, காவல் குடிசையும் இருக்கிறது. யார் என்ன என்று கேட்க அங்கே ஆளில்லை. நேரே அங்கே கூட்டிப்போய்விடலாம். ஆஸ்பத்திரியில் மட்டும் அண்ணன் என்று சொன்னால் போதும். கூடப் பிறந்தவளுக்கும் கொடுப்பார்கள்.

ஒரு மஞ்சள் கயிற்றைத் தானே கட்டிக்கொண்டு போய் மனைவி என்று நின்றுவிடலாமே என்று கேட்பீர்கள். நல்லம்மாவும் அதை நினைக்காமலில்லை. ஆனால் கழற்றின தாலியைத் தன் கையால் தானே கட்டிக்கொண்டால் அது புருஷன் உயிருக்கு ஆகாது என்று அவள் நம்பினாள். ஒருதடவை பொம்மையை எரித்துத் தப்பித்தாயிற்று, இன்னொரு தடவை விளையாட அவளுக்குத் தைரியமில்லை. லக்கலையில் ஏதாவது ஒரு மரத்தடிச் சாமி முன்னால் அவரே கட்டட்டும். அந்த நினைப்பிலேயே அவள் முகத்தில் பல வருஷத்துக்குப் பிறகு ஒரு தெளிவு வந்தது. ஐம்பதை நெருங்குகிறவள் கலியாணப் பெண்ணைப்போல நாளை எண்ணினாள் என்றால் சிரிக்காதீர்கள்.

வியாழக்கிழமை காலையில் மகள் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வண்டிப்பாதை ஏறும்போது கலந்தர் நானா பாடம் நடத்தினார்.

"டாக்டர் பேர் கேப்பாரு. சொல்லணும்."

அங்கேதான் சிக்கல். நல்லம்மா கலியாணம் ஆனது முதல் அந்தப் பேரைப் புருஷன் பேராக ஒருதடவைகூடச் சொன்னதில்லை. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும். அழகர்மலைத் திருவிழாவைப் பற்றிப் பேச்சு வந்தால்கூட "அந்த மலைச் சாமி" என்பாள், அவ்வளவு கவனம்.

"சொல்லிப் பாருங்க."

"அ..." நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "வேணாங்க நானா. அப்புறமா."

"அப்புறம் எப்ப? பொஞ்சாதி கணக்கா முழுங்குனா மாட்டிக்குவீங்க. கூடப் பொறந்தவ கூச்சப்படுவாளா? பட்டுனு சொல்லணும்."

வளைவுக்கு வளைவு முயன்றாள். முதலில் முணுமுணுத்தாள். பிறகு தேயிலைச் செடிகளைப் பார்த்துச் சொன்னாள். ஸ்டோர்த் தகரம் கண்ணில் பட்டபோது அழகர்சாமி, அழகர்சாமி என்று கடைக்காரியைப்போல நறுக்கென்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானாவுக்குத் திருப்தி. லக்கலைக்கு வண்டி பேச அவர் பலாபத்வலைக்குத் திரும்பி இறங்கினார்.

கேட் திறந்தே கிடந்தது. பாதிக் கூரை அதற்குள் போயிருந்தது. கழற்றின தகரங்களை முற்றத்தில் அடுக்கியிருந்தார்கள். கூரையில்லாத தளத்தில் வெறும் கட்டில்கள் வெயிலில் கிடந்தன. லொறி நின்றது. அதில் ஏற்கெனவே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் எதையும் பார்க்கவில்லை. அவர்களுக்காக யாரும் வந்திருக்கவில்லை.

காவலாள் முதியான்சே அவளை விறாந்தையில் உட்காரவைத்தான். சிங்களவன், தமிழ் அரைகுறை, மனசு நல்ல மனசு.

"அழகர்சாமிட தங்கச்சியா? நானா சொன்னது. அழகர்சாமி நல்ல ஆள். முந்தி தப்புச் சத்தம் கேட்டா ஓடும், கட்டி வைக்கணும். நான் சொன்னேன், ஓடாதே, முதல்ல என்கிட்ட கேளு. அப்புறம் ஓடாது. வந்து கேக்கும், 'முதியான்சே, தப்பு அடிக்குதா?' நான் சொல்லும், நே. இல்ல. நே சொன்னா திரும்பிப் போய்ப் படுக்கும். அப்பிடியே சொகம் வந்தது." அவன் தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டான். "அதுக்கு அதோட காதுல நம்பிக்கை இல்ல. என் வாயிலதான் நம்பிக்கை."

நல்லம்மா அவன் காலைத் தொடப் போனாள். அவன் பதறி விலகினான்.

டாக்டர் சிவஞானம் யாழ்ப்பாணத்துக்காரர். கடுகடுத்த முகம்; ஆனால் இந்த ஆஸ்பத்திரியில் ஆட்களைக் கட்டிவைக்கிற சங்கிலிகளைக் கழற்றிக் கிணற்றில் போட்டவர் அவர்தான். அவளைப் பார்த்ததும் உட்காரச் சொல்லிக் கதிரையைக் காட்டினார். அவள் நின்றாள்.

"நீர் அவருக்கு என்ன முறை?"

"தங்கச்சிங்க ஐயா. கூடப் பொறந்தவ."

"அவரின்ரை பேர்?"

"அழகர்சாமி." வழுக்கிக்கொண்டு வந்தது.

"உம்மடை புருசன்?"

"காய்ச்சல்ல போயிட்டாருங்க."

டாக்டர் அவள் வெள்ளைச் சேலையையும் வெறும் கழுத்தையும் பார்த்துத் தலையை ஆட்டினார். "நல்லது. ஒருத்தராவது வந்தீரே. முதியான்சே, ஆளைக் கூட்டி வா."

எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள். டாக்டரிடம் முந்தின நாளே தங்கச்சி வருவாள் என்று நானா சொல்லிவைத்தார், காவலாளிடம் சொன்னார், நல்லம்மாவுக்குப் பாடம் சொன்னார். அழகர்சாமியிடம் சொல்ல வேண்டும் என்பது மட்டும் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் யோசித்த இரண்டு பேரும் புத்தி தெளிந்தவர்கள்.

அவர் வந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. சவரம் செய்து, துவைத்த வேட்டி கட்டி, ஒரு சின்னத் துணி மூட்டையை இடுக்கியிருந்தார். வாசலில் நின்று அவளைப் பார்த்தார். அந்த முகம் மலர்ந்ததே, அதை நல்லம்மா சாகிறவரை மறக்கவில்லை.

"இது ஆர் எண்டு தெரியுதோ?" என்றார் டாக்டர்.

"தெரியாமலாங்க ஐயா? என் பொண்டாட்டி. நல்லம்மா."

டாக்டர் பேனாவை மேசையில் வைத்தார். பிறகு நல்லம்மாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம்தான் இருந்தது.

"பார்த்தீரே? சுகம் எண்டுதான் நினைச்சன். கூடப் பிறந்தவளைப் பெண்சாதி எண்டுறான். இந்த நிலையிலை உம்மோடை விட்டால், நாளைக்கு உம்மிலை கை வைப்பான். நான் விடேலாது அம்மா."

நல்லம்மாவுக்கு இனி போலீசாவது ஒன்றாவது! அவள் தரையில் விழுந்து டாக்டரின் காலைப் பிடித்தாள்.

"ஐயா, அவரு சொல்றதுதான் நெசம்! நான்தான் பொய் சொன்னேன். நான் அவரு பொண்டாட்டிதாங்க. வைக்கோல்ல ஆள் செஞ்சு எரிச்சு, நாங்களே கருமாதி செஞ்சு தாலியை அறுத்தோம். பொம்பளைப் பிள்ளைக்காகச் செஞ்சோங்க. என்னை ஜெயில்ல வேணா போடுங்க, அவரை விட்ருங்க!"

"எழும்பும். எழும்பும் அம்மா." டாக்டர் அவளைத் தூக்கிவிட்டார். "உம்மடை பாசம் எனக்கு விளங்குது. அண்ணனை எப்பிடியும் கொண்டுபோக வேணும் எண்டு சொல்லுறீர். ஆனால் என்னை மடையன் எண்டு நினைச்சிட்டீரே? நானும் தமிழன்தான். புருசன் உயிரோடை இருக்க எந்தத் தமிழ்ப் பொம்பிளை தாலியைக் கழட்டிப்போட்டு வெள்ளையோடை நிப்பாள்? உயிரோடை இருக்கிறவனுக்கு ஆர் கருமாதி செய்வினம்? அதை விடும். நான் பேரைக் கேட்டவுடனை நறுக்கெண்டு சொன்னீரே. பெண்சாதி புருசன்ரை பேரை அப்பிடிச் சொல்லுவாளே?"

"பழகினேங்க! வர்ற வழியெல்லாம் சொல்லிப் பழகினேன்! கலந்தர் நானாவைக் கேளுங்க!"

"அவர்தானே தங்கச்சி வாறாள் எண்டு நேற்று எனக்குச் சொன்னவர்."

அவள் மகள் பேரைச் சொன்னாள், செத்துப்போன பையன் பேரைச் சொன்னாள், கவ்வாத்து வெட்டின மலையைச் சொன்னாள். அத்தனையும் தங்கச்சிக்கும் தெரியும். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனுஷன் கேட்கிற மாதிரி முழுவதையும் கேட்டுவிட்டு, நம்பாமலே தலையை ஆட்டினார். வெளியே லொறிக்காரன் ஒலி எழுப்பினான்.

இவ்வளவுக்கும் அழகர்சாமி மூட்டையை இடுக்கியபடி நின்றார். முதலில் மலர்ந்த முகம் மெல்ல மெல்லக் குழம்பியது. டாக்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கடைசியில் முதியான்சே பக்கம் திரும்பினார்.

"முதியான்சே, அவ கழுத்துல தாலி இருக்கா?"

முதியான்சே அவளைப் பார்த்தான். "நே."

"நெத்தியில பொட்டு?"

"நே."

"வந்ததும் உன்கிட்ட என்ன சொன்னா?"

"தங்கச்சி. உன் தங்கச்சின்னுதான் வந்தது."

அழகர்சாமி தலையைக் குனிந்துகொண்டார். எட்டு வருஷத்தில் அவர் கற்றுக்கொண்டது அந்த ஒன்றைத்தான்: தன் கண்ணுக்கும் காதுக்கும் தோன்றுவதை நம்பக் கூடாது, அடுத்தவர் சொல்வதை நம்ப வேண்டும். அதைத்தான் சுகம் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நல்ல மாணவராகக் கற்றிருந்தார்.

"ஐயா சொல்றது சரியாத்தாங்க இருக்கும்" என்றார் மெதுவாக. "எனக்குப் பாருங்க, அச்சு அசலா நல்லம்மா மாதிரியே தெரியுது. இன்னும் முழுசா சொகமாகலை போல. என்னால உங்களுக்கெல்லாம் சிரமம்." பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல் அவளிடம் சொன்னார். "நீ போம்மா தங்கச்சி. நல்லம்மாவைப் பார்த்தா, நான் கேட்டேன்னு மட்டும் சொல்லு."

"ஐயோ, நாந்தாங்க!" என்று நல்லம்மா அலறினாள். "நாந்தாங்க நல்லம்மா! என்னைப் பாருங்க! உங்க பொண்டாட்டிதாங்க!"

அவர் நடந்தார். அவள் பின்னால் ஓடினாள், இரண்டு பேர் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்தவர்கள் திட்டவில்லை, பாவம் என்றார்கள். லொறிக்குக் கிட்டப் போய் அழகர்சாமி ஒருகணம் நின்றார். அந்த அலறல் அவர் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. கால் திரும்ப முயன்றது. தப்புச் சத்தத்துக்கு ஓடாமல் பழகிய கால், அவர் அதைத் தரையில் அழுத்திக்கொண்டார்.

"முதியான்சே," என்றார், "பின்னால ஒரு பொம்பளை பொண்டாட்டின்னு கத்துற மாதிரி எனக்குக் கேக்குது. நெசமாக் கத்துதா?"

முதியான்சே நல்லம்மாவைத் திரும்பிப் பார்த்தான். டாக்டரைப் பார்த்தான். லொறி உறுமிக்கொண்டிருந்தது, போகிற ஆள் அமைதியாகப் போகட்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"நே," என்றான்.

அழகர்சாமி தலையை ஆட்டிவிட்டு லொறியில் ஏறி, மற்றவர்களுக்கு இடம் விட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.